ஐந்தாவது இன்னிங்: பழி யாருக்கு? ஜட்ஜ், வோல்பி, கோல்?

பிராங்க்ஸ்வாசி | 31 அக்டோபர் 2024

நேற்று இரவு பேஸ்பால் உலகத் தொடரில் நம் நியூயார்க் யாங்கீஸ் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தோற்றதிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிதானமாக எழுதிப் பேசலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன். டாட்ஜர்ஸ் ரசிகர்களும் வரலாம், ஆனால் இன்று ஒருநாள் கொஞ்சம் இரக்கத்தோடு வாருங்கள்.

உலகத் தொடரின் (முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை) ஐந்தாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதை 11-4 என்று வென்று உயிர் பிடித்திருந்தோம். நேற்று முதல் இன்னிங்கிலேயே ஜட்ஜ் ஹோம் ரன், அடுத்து வந்த ஜாஸ் சிஸம் ஹோம் ரன். மூன்றாவது இன்னிங்கில் ஸ்டான்டனும் ஒன்று. 5-0. நம் பிட்ச்சர் கெரிட் கோல் நான்கு இன்னிங் முடியும் வரை ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு பத்திரமாக பேஸை எட்டுவது) தரவில்லை. நான்காவது இன்னிங்கில் டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் தூக்கி அடித்த பந்தை ஜட்ஜ் சுவரில் மோதிப் பிடித்தபோது இந்தத் தொடர் திரும்பிவிட்டது என்றே நம்பினேன்.

அப்புறம் ஐந்தாவது இன்னிங். கிகே ஹெர்னாண்டஸ் ஒரு ஹிட். எட்மன் அடித்தது நேராக ஜட்ஜிடம் போனது, கையுறையில் பட்டுத் தெறித்தது. வில் ஸ்மித் தரையோடு அடித்த பந்தை எடுத்த நம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) வோல்பி மூன்றாவது பேஸுக்கு வீசினார், பந்து சிஸமுக்கு முன்னால் குத்தி நழுவியது. மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்கூட இல்லை. அந்த நிலையிலும் கோல் கலங்கவில்லை. லக்ஸ் ஸ்ட்ரைக் அவுட், ஒட்டானி ஸ்ட்ரைக் அவுட். மூக்கி பெட்ஸ் மட்டையின் நுனியில் பட்டு ஒரு சோர்ந்த பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டது. நம் முதல் பேஸ்காரர் ரிஸ்ஸோ எடுத்தார். முதல் பேஸை மிதிக்க நம் ஆள் யாரும் இல்லை. கோல் நடுவழியில் நின்று ரிஸ்ஸோவைப் பார்த்து, நீயே போய் மிதி என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ரன் வந்தது. அடுத்து ஃப்ரீமன் இரண்டு ரன், டெயோஸ்கார் ஹெர்னாண்டஸ் இரண்டு ரன். 5-5. கடைசியில் 7-6 என்று தோற்றோம், கோப்பையும் போனது.

என் தீர்ப்பு கோல்தான். பந்தை நழுவ விடுவது கையின் பிழை, அது யாருக்கும் நடக்கும். ஓடாமல் நிற்பது அப்படியில்லை.

ரைட்ஃபீல்டு

அண்ணே, ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜட்ஜ்தான் முதல் குற்றவாளி. இந்த வருஷம் 58 ஹோம் ரன், 144 ஆர்.பி.ஐ. (அவர் அடித்ததால் வந்த ரன்), அணியின் கேப்டன். எட்மன் அடித்தது அவர் நின்ற இடத்துக்கே வந்த பந்து. பத்து வயசுப் பையன் பிடிப்பான். முதல் பேஸில் இருந்த கிகே ஓடுகிறானா என்று கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போனது, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கேட்ச் பிடிபட்டிருந்தால் வோல்பி மூன்றாவது பேஸுக்கு வீச வேண்டிய நிலையே வந்திருக்காது. கோல் முதல் பேஸுக்கு ஓடினாரா இல்லையா என்று நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும் மாட்டோம்.

இன்னொன்று. ட்ரென்ட் கிரிஷம் என்று கோல்டு கிளவுஸ் (சிறந்த ஃபீல்டருக்கான விருது) வாங்கிய ஒரு சென்டர் ஃபீல்டர் நம் அணியிலேயே இருக்கிறார். அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆறடி ஏழு அங்குல மனிதரை வருஷம் முழுக்க சென்டரில் ஓட விட்டார்கள். சோட்டோவுக்கு ரைட், வெர்டூகோவுக்கு லெஃப்ட் வேண்டும் என்பதற்காக நடுவில் ஜட்ஜ். மட்டைக்காக ஃபீல்டிங்கை அடகு வைத்தால் வட்டி ஒருநாள் கட்டத்தான் வேண்டும்.

ஸ்கோர்நோட்டு

நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையால் ஸ்கோர் எழுதுகிறவன். நேற்றைய தாளை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாளில் அந்த இன்னிங்கில் இரண்டு எர்ரர் (ஃபீல்டிங் பிழை)தான். ஜட்ஜுக்கு ஒன்று, வோல்பிக்கு ஒன்று. பெட்ஸின் பந்துக்கு நேரே 'ஹிட்' என்றுதான் எழுதியிருக்கிறேன், அதிகாரபூர்வமான தீர்ப்பும் அதுவே. கோலின் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. விதி அப்படி. பந்தைக் கையாள்வதில் பிசகினால் எர்ரர். கணிப்பு பிசகினால், ஓட வேண்டிய இடத்துக்கு ஓடாவிட்டால், அதை எர்ரராக எழுத முடியாது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. வந்த ஐந்து ரன்னும் கோல் கணக்கில் சேராது. இரண்டு எர்ரரும் இல்லை என்று வைத்து இன்னிங்கை மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும்: எட்மன் ஒரு அவுட், ஸ்மித்தின் பந்தில் ஒரு அவுட், லக்ஸ் ஸ்ட்ரைக் அவுட்டோடு மூன்று. இன்னிங் முடிந்தது. அதற்குப் பின் வந்த ரன் எல்லாம் பிட்ச்சர் சம்பாதித்துக் கொடுத்ததல்ல என்பது கணக்கு. ஏழு இன்னிங்குக்கு ஒரு அவுட் குறைவு, 108 பந்து, கோல் சம்பாதித்துக் கொடுத்ததாக எழுதப்பட்ட ரன் பூஜ்யம். நாளைக்கு வெறும் புள்ளிவிவரத்தைப் பார்க்கிறவருக்கு கோல் அப்பழுக்கில்லாமல் வீசியதாகத் தெரியும். ஜட்ஜும் வோல்பியும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள்.

அதனால்தான் பிராங்க்ஸ்வாசி சொல்வதைப் பதிவு செய்துவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். தாள் சொல்லாததை, பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புதுரசிகன்

வணக்கம். நான் இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, சோட்டோவுக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்பதால் ஒரு சந்தேகம். ரிஸ்ஸோ முதல் பேஸ்காரர். பந்து அவர் கையில். பேஸ் அவருடையது. அதை மிதிக்க பிட்ச்சர் ஏன் ஓடிவர வேண்டும்? கேட்கிறவனுக்குத் தெரியாது என்பதற்காக யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எடிசன்அம்மா

தம்பி, கேட்டது நல்ல கேள்வி. என் பையன் ஆறு வயதிலிருந்து ஆடுகிறான், அவன் அணியின் பயிற்சியில் நானும் உதவுகிறேன். அதனால் இதை விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதல் பேஸ்காரர் எப்போதும் பேஸ் மேலேயே நிற்பதில்லை. அதற்குப் பின்னாலும் உள்பக்கமாகவும் தள்ளி நிற்பார், அப்போதுதான் வலப்பக்கம் போகிற பந்தைத் தடுக்க முடியும். பந்து அவரை பேஸிலிருந்து விலக்கி இழுத்துவிட்டால் பேஸ் காலி. அடித்தவர் முழு வேகத்தில் ஓடி வந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் பேஸுக்குப் போகக்கூடிய ஒரே ஆள் பிட்ச்சர். கிரிக்கெட்டில் மிட்-ஆனில் இருப்பவர் பந்தை எடுக்கும்போது பந்துவீச்சாளர் ஸ்டம்புக்கு ஓடி வந்து நிற்கிறாரே, அதே வேலை.

குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் வாக்கியம் ஒன்றுதான்: பந்து உன் இடது கைப்பக்கம் போனால், யோசிக்காதே, ஓடு. பந்து யாரிடம் போகிறது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டியவை.

எப்படி ஓடுவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நேராக பேஸைப் பார்த்து ஓடக்கூடாது, அடித்தவரோடு மோத நேரும். பேஸுக்குச் சில அடி முன்னால் கோட்டை ஒட்டி ஓர் இடத்தைக் குறி வைத்து ஓட வேண்டும். அங்கே திரும்பி, கோட்டுக்கு இணையாக பேஸை நோக்கிப் போக வேண்டும். பந்து மார்பளவில் கையுறைக்கு வர வேண்டும். வலது காலால் பேஸின் உள் ஓரத்தைத் தொட்டுவிட்டு, மைதானத்தின் உள்பக்கமாக விலக வேண்டும். வெளியே விலகினால் ஓடி வருகிறவர் காலை மிதித்துவிடுவார். எங்கள் மைதானத்தில் இதற்காகவே ஓர் ஆரஞ்சுக் கூம்பை வைத்துப் பிள்ளைகளை வரிசையில் ஓட விடுவோம். சலிப்பான பயிற்சி, பிள்ளைகள் முனகுவார்கள். பெரிய லீக் பிட்ச்சர்களும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வசந்தகால முகாமில் முதலில் செய்வது இதைத்தான்.

அப்படிப்பட்ட ஒன்றை உலகத் தொடரில் கோல் போன்ற ஒருவர் விட்டார் என்பதைப் பார்க்க வேதனையாக இருந்தது. பழி என்று கேட்டால், அந்த ஒரு பந்துக்கு அவர்தான். ஆனால் முழு இன்னிங்குக்கும் அவர் மட்டும் என்றால் இல்லை.

ரைட்ஃபீல்டு

அக்கா, விளக்கம் அருமை. ஆனால் ரிஸ்ஸோவை எல்லோரும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்? பந்து அவ்வளவு மெதுவாக வந்தது. ஓடிவந்து எடுத்துக்கொண்டு அப்படியே பேஸை நோக்கிப் பாய்ந்திருக்கலாமே. பின்னால் நின்று காத்திருந்தார். நான்கு கோல்டு கிளவுஸ் வாங்கியவருக்கு இதுகூடத் தோன்றவில்லையா?

ஸ்கோர்நோட்டு

ரிஸ்ஸோ காத்திருந்ததற்குக் காரணம் இருக்கிறது. மட்டையின் நுனியில் பட்ட பந்து பயங்கரமாகச் சுழன்றுகொண்டு வந்தது. அப்படிப்பட்ட பந்தை ஓடிப் போய் எடுக்கப் பார்த்தால் கடைசித் துள்ளலில் எந்தப் பக்கம் வெட்டும் என்று சொல்ல முடியாது. மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அது கையைத் தாண்டிப் போனால் இரண்டு ரன். அதனால் முதலில் பந்தைப் பத்திரமாகப் பிடிப்போம், பிட்ச்சர் பேஸுக்கு வந்துவிடுவார் என்று நினைத்தார். அவர் நினைத்தது நியாயம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் அவருக்கு இரண்டு விரல் முறிந்தது. டிவிஷன் தொடரில் ஆடவேயில்லை. முறிந்த விரலோடுதான் லீக் இறுதித் தொடரிலிருந்து ஆடுகிறார்.

என் பார்வையில் ரிஸ்ஸோவுக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. கோல் வரவில்லை என்று தெரிந்த கணத்தில் அவர் தானே பாய்ந்திருக்க வேண்டும், ஒரு அரை நொடி திகைத்துவிட்டார். ஆனால் அதற்குள் பெட்ஸ் தாண்டிவிட்டார்.

நீலத்தொப்பி

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து. இரக்கத்தோடுதான் வந்திருக்கிறேன், சத்தியமாக. ஆனால் முழு இழையையும் படித்துவிட்டேன், பெட்ஸ் ஓடியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒட்டானி ஸ்ட்ரைக் அவுட். இரண்டு அவுட். தானும் நுனியில் பட்டு ஒரு செத்த பந்தை அடித்திருக்கிறார். பத்தில் ஒன்பது பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அரை ஓட்டம் ஓடுவார்கள். பெட்ஸ் பெட்டியிலிருந்து கிளம்பிய முதல் அடியிலேயே முழு வேகம். அவர் பாதி மனசோடு ஓடியிருந்தால் ரிஸ்ஸோ தனியாகவே போய் மிதித்திருப்பார், நீங்கள் 5-0 என்று அடுத்த இன்னிங் போயிருப்பீர்கள்.

வோல்பி வீசியதிலும் கிகேவைப் பாருங்கள். மூன்றாவது பேஸை நோக்கி அவர் ஓடிய தடத்தைக் கவனியுங்கள். ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கும் சிஸமின் கையுறைக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் உடம்பைக் கொண்டுபோய் வைத்தார். விதிக்குள்தான். வோல்பியின் வீச்சு தாழ்ந்து குத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

நீங்கள் விட்டது உண்மை. விட்டதை எடுத்துக்கொள்ள எதிரில் ஒரு அணி தயாராக நின்றது என்பதும் உண்மை. அந்த இன்னிங்கில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு ஐந்து ரன் அடித்திருக்கிறோம். ஃப்ரீமனின் இரண்டோடு சேர்த்து அவருக்கு இந்தத் தொடரில் 12 ஆர்.பி.ஐ. 1960இல் பாபி ரிச்சர்ட்சன் வைத்த சாதனைக்குச் சமம். ரிச்சர்ட்சன் உங்கள் யாங்கீஸ்காரர்தான்.

பிராங்க்ஸ்வாசி

பெட்ஸுக்கு முழு மரியாதை. அவர் ஓடிய மாதிரி ஓடினால்தான் கோல் ஓட வேண்டிய கட்டாயம் புரியும். அடித்தவர் முழு வேகத்தில் ஓடுகிறார், வீசியவர் நிற்கிறார். எனக்கு அதுதான் நெஞ்சில் இடிக்கிறது.

வோல்பி விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி. 5-0 முன்னிலையில் மூன்றாவது பேஸுக்கு ஏன் வீச வேண்டும்? ஏதாவது ஒரு பேஸில் ஒரு அவுட் எடுத்தால் போதாதா?

ஸ்கோர்நோட்டு

பந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு வலப்பக்கம், ஆழமாகப் போனது. வோல்பியின் உடம்பு மூன்றாவது பேஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து முதல் பேஸுக்கு வீசுவதென்றால் கால் ஊன்றித் திரும்பி நீளமாக வீச வேண்டும். மூன்றாவது பேஸ் பக்கத்தில் இருந்தது, கட்டாயம் ஓட வேண்டிய ஆள் என்பதால் தொட வேண்டியதில்லை, பேஸை மிதித்தால் போதும். அதனால் தேர்வு தப்பு என்று சொல்ல மாட்டேன். வீச்சுதான் தப்பு.

சிஸமைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மயாமியிலிருந்து ஜூலை கடைசியில் வந்தவர். அதற்கு முன் தொழில்முறை ஆட்டத்தில் மூன்றாவது பேஸில் நின்றதே இல்லை. நம்மிடம் ஆள் இல்லாததால் அங்கே போட்டார்கள், நன்றாகவே சமாளித்தார். ஆனால் குத்தி எழும் வீச்சை ஓடுபவரின் காலடியில் அள்ளி எடுப்பது வருஷக்கணக்கில் அந்த இடத்தில் நின்றவர்களுக்கு வரும் கைப்பழக்கம். மூன்று மாதத்தில் வராது. இதை எழுதுவதற்குத் தாளில் கட்டம் இல்லை.

எடிசன்அம்மா

வோல்பியை யாரும் ரொம்பத் திட்டாதீர்கள், எனக்குத் தாங்காது. நியூ ஜெர்சியில் வளர்ந்த பையன், சின்ன வயதிலிருந்தே யாங்கீஸ் ரசிகன். முந்தின நாள் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன்) அடித்து இந்த ஐந்தாவது ஆட்டத்தையே நமக்குக் கொடுத்தவன் அவன்தான்.

ஷேஸ்டேடியம்

நான் நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸின் ரசிகன். 1986இல் குவீன்ஸில் இருந்தேன். உங்கள் துக்கத்தில் கலந்துகொள்ள எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் பழி போடுவது பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் பழியின் பலனை அனுபவித்த பக்கத்தில் நின்றவன் நான்.

1986 அக்டோபர் 25, ஷே ஸ்டேடியம், ஆறாவது ஆட்டம். பத்தாவது இன்னிங்கில் பாஸ்டன் 5-3 முன்னிலை. எங்களுக்கு இரண்டு அவுட், பேஸில் ஒருவரும் இல்லை. பாஸ்டனுக்கு இன்னும் ஒரே ஒரு அவுட் தேவை. கேரி கார்ட்டர் ஹிட். கெவின் மிட்செல் ஹிட். ரே நைட் ஹிட், ஒரு ரன். பிட்ச்சர் ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். அவர் வீசிய ஒரு பந்து கேட்ச்சரைத் தாண்டி ஓடியது, மிட்செல் ஓடி வந்தார், 5-5. இதற்கெல்லாம் பிறகுதான் எங்கள் மூக்கி வில்சன் அடித்த பந்து பாஸ்டனின் முதல் பேஸ்காரர் பில் பக்னரின் காலிடையில் புகுந்து போனது.

அதாவது பக்னர் விடும்போது ஆட்டம் ஏற்கெனவே சமநிலை. அவர் பிடித்திருந்தால் பதினோராவது இன்னிங், அவ்வளவுதான். அவருடைய கணுக்கால்கள் மோசம் என்பது ஊருக்கே தெரியும். தொடரில் பாஸ்டன் முன்னிலையில் இருந்த கடைசிக் கட்டங்களில் அவரை எடுத்துவிட்டு டேவ் ஸ்டேபிள்டனை நிறுத்துவது மேனேஜர் மக்னமாராவின் வழக்கம். அன்றைக்கு மட்டும் செய்யவில்லை. ஏழாவது ஆட்டம் ஒன்று மீதி இருந்தது, அதில் 3-0 முன்னிலை பெற்றுத்தான் பாஸ்டன் தோற்றது. இத்தனை பேர், இத்தனை முடிவுகள். ஊர் நினைவில் நின்றது ஒரே ஒரு பெயர்.

2,715 ஹிட் அடித்த மனிதர். 1980இல் பேட்டிங் பட்டம் வென்றவர். 2008 ஏப்ரலில் ஃபென்வே பார்க்கில் முதல் பந்தை வீச அழைத்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு 22 வருஷம் ஆனது. அதற்குள் பாஸ்டன் இரண்டு கோப்பை வென்றிருந்தது. கோப்பை வராமல் இருந்திருந்தால் அந்தக் கைதட்டல் கிடைத்திருக்குமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

கோலைத் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பெயரை மட்டும் வைத்து இந்த ஆட்டத்தை மூடிவிடாதீர்கள்.

அப்புறம், நீலத்தொப்பி சொன்ன ஓட்டத்துக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி. 2009 ஜூன் 12, யாங்கீ ஸ்டேடியம், ஒன்பதாவது இன்னிங், மெட்ஸ் 8-7 முன்னிலை, இரண்டு அவுட். யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் அடித்தது நேராக மேலே போன சாதாரணப் பந்து. எங்கள் லூயிஸ் கஸ்டீயோ கீழே வந்து நின்று கையில் வாங்கி நழுவ விட்டார். முதல் பேஸில் இருந்த டெஷேரா, அது பிடிபடும் என்று உலகமே நினைத்தபோதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் வீடு வரை வந்து வென்ற ரன்னை எடுத்தார். அன்றைக்கு நீங்கள் கொண்டாடினீர்கள்.

பிராங்க்ஸ்வாசி

ஐயா, பக்னரைப் பற்றிச் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆனால் இரண்டும் ஒரே ரகம் அல்ல. பக்னர் போக வேண்டிய இடத்துக்குப் போனார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவரை அங்கே நிறுத்தியவர் மேனேஜர். கோலை அங்கே தடுத்தவர் யார்?

ஆட்டம் முடிந்து அவரே பேசினார். பந்து எவ்வளவு வேகமாக வருகிறது என்று மட்டையிலிருந்து கிளம்பியபோது தெரியவில்லை, அதைத் தடுத்துப் பிடிக்கும் கோணத்தில் போனேன், அது தாண்டிப் போனபோது பேஸை அடையும் இடத்தில் நான் இல்லை என்ற பொருளில் சொன்னார். சாக்கு சொல்லவில்லை, அதற்காக மதிக்கிறேன். ஆனால் எடிசன் அக்கா சொன்னதை வைத்துப் பாருங்கள். முதலில் ஓடு, ஓடிக்கொண்டே பார். இவர் முதலில் பார்த்தார்.

ரைட்ஃபீல்டு

எல்லோரும் ஐந்தாவதிலேயே நிற்கிறீர்கள். ஐந்தாவது முடிந்து ஆட்டம் 5-5. ஆறாவதில் ஸ்டான்டன் உயரத் தூக்கி அடித்த பந்தில் மறுபடி 6-5 முன்னிலை எடுத்தோம். எட்டாவது இன்னிங்கில் முன்னிலையோடு இறங்கினோம்! அதை யார் விட்டது?

மேனேஜர் பூன், பிட்ச்சர் கேன்லியை அனுப்பினார். ஹிட், இன்ஃபீல்டு ஹிட், வாக் (நான்கு மோசமான பந்துக்கு இனாமாக முதல் பேஸ்). ஒரு அவுட் எடுக்காமல் மூன்று பேஸையும் நிரப்பிவிட்டுப் போனார். வீவர் வந்தார், லக்ஸ் தூக்கி அடித்து அவுட் ஆனாலும் மூன்றாவது பேஸ் ஆள் ஓடி வந்து 6-6. அடுத்து ஒட்டானி மட்டையைச் சுழற்றும்போது கேட்ச்சர் வெல்ஸின் கையுறை மட்டையில் பட்டது. கேட்ச்சர் குறுக்கீடு, ஒட்டானிக்கு இனாமாக முதல் பேஸ், மறுபடி மூன்றிலும் ஆள். பெட்ஸ் தூக்கி அடித்து 7-6. அந்தக் கையுறையும் ஃபீல்டிங் பிழைதான், அதிகாரபூர்வ எர்ரர்தான். அதைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் பேசவில்லை.

முதல் ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். எட்டாவது இன்னிங், 2-1 முன்னிலை. ஒட்டானி சுவரில் அடித்தார், இரண்டாவது பேஸ்தான் கிடைக்க வேண்டியது. ஃபீல்டிலிருந்து வந்த பந்தை டோரஸ் விட்டார், ஒட்டானி மூன்றாவதுக்குப் போனார், பெட்ஸ் தூக்கி அடித்து சமன். பத்தாவதில், ஒரு மாதத்துக்கு மேல் பந்தே வீசாத நெஸ்டர் கோர்டெஸைக் கொண்டுவந்து, ஃப்ரீமனின் கிராண்ட் ஸ்லாம். அன்றைக்கு ஜெயித்திருந்தால் தொடரின் கதையே வேறு.

ஒரே வியாதி, ஐந்து ஆட்டமும். மேனேஜர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்கோர்நோட்டு

எட்டாவது இன்னிங்கின் அடிப்பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜட்ஜ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் ஹிட்) அடித்தார், சிஸம் வாக். வென்றாலும் வெல்லலாம் என்ற நிலை. டாட்ஜர்ஸ் பிட்ச்சர் ட்ரைனன் களைத்திருந்தார், அவர்கள் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் வந்து பேசிவிட்டு அவரையே தொடர விட்டார். ஸ்டான்டன் முதல் பந்திலேயே தூக்கி அடித்துக் கேட்ச். ரிஸ்ஸோ ஸ்ட்ரைக் அவுட். இதுவும் நடந்தது.

நீலத்தொப்பி | 2 நவம்பர்

ஊர்வலம் முடிந்து வந்தேன். நியூயார்க் போஸ்ட்டில் ஜோயல் ஷெர்மன் எழுதியதைப் பார்த்தீர்களா? டாட்ஜர்ஸின் ஆய்வுக் குழு தொடருக்கு முன்பே எங்கள் ஆட்களிடம் என்ன சொன்னதாம் என்றால், யாங்கீஸிடம் திறமை அதிகம், ஆனால் அடிப்படை ஆட்டம் பலவீனம். பேஸ் ஓட்டமும் ஃபீல்டிங்கும் சுமார். பந்தை ஆட்டத்தில் வைத்து அழுத்தம் கொடுத்தால் அவர்களே விடுவார்கள் என்று.

காயத்தில் உப்புத் தடவ இதைப் போடவில்லை. பெட்ஸ் ஏன் அப்படி ஓடினார் என்பதற்கு இது பதில் என்று தோன்றியது.

எடிசன்அம்மா

படித்தேன். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஏப்ரலிலிருந்து பார்க்கிறோமே. பேஸில் தூங்கி அவுட் ஆவது, வேறு பேஸுக்கு வீசுவது, பந்து எங்கே போகிறது என்று நின்று பார்ப்பது. ஹோம் ரன் வந்துகொண்டே இருந்ததால் எல்லாவற்றையும் மறந்தோம்.

அதனால் என் கோபம் இப்போது கோல் மேல் இல்லை, ஒரு பந்துக்கு அப்பால். ஓர் அணியில் ஒருவர் ஓடாமல் நின்றால் அது அவர் பிழை. ஒரே இன்னிங்கில் மூன்று பேர் மூன்று விதமாக விட்டால், அந்த அணியில் இதற்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகள் பேஸுக்கு ஓடாவிட்டால் அடுத்த இன்னிங் பெஞ்சில் உட்காருவார்கள், எவ்வளவு நன்றாக வீசினாலும் சரி.

ரைட்ஃபீல்டு

கோலை பெஞ்சில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களா அக்கா?

எடிசன்அம்மா

நேற்று அல்ல தம்பி. மே மாதத்தில், ஜூன் மாதத்தில், யாரோ ஒருவர் முதல் தடவை நின்று பார்த்தபோது.

ஸ்கோர்நோட்டு

1941ஐ யாரும் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றும் இதே இரண்டு அணிதான், திசை மட்டும் மாறியது. புரூக்ளின் டாட்ஜர்ஸ், எபெட்ஸ் ஃபீல்டு, நான்காவது ஆட்டம், அக்டோபர் 5. டாட்ஜர்ஸ் 4-3 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங், இரண்டு அவுட். யாங்கீஸின் டாமி ஹென்ரிக் மூன்றாவது ஸ்ட்ரைக்கைச் சுற்றித் தவறவிட்டார். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். பந்து கேட்ச்சர் மிக்கி ஓவனைத் தாண்டி ஓடியது, பிடிபடாததால் ஹென்ரிக் முதல் பேஸுக்குப் போனார். டிமாஜியோ ஹிட், சார்லி கெல்லர் டபுள், அதற்குப் பின்னும் அடித்து மொத்தம் நான்கு ரன். 7-4. மறுநாள் யாங்கீஸ் கோப்பையை வென்றது.

ஓவனுக்குப் பிறகு வீசிய ஒவ்வொரு பந்தும் டாட்ஜர்ஸ் பிட்ச்சர் ஹ்யூ கேசியுடையது. ஆனால் 83 வருஷமாகச் சொல்லப்படுவது ஓவனின் பெயர். பிடிபடாத பந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதனால்தான் ஜட்ஜின் பெயர் முதலில் வருகிறது. வராத பிட்ச்சரைப் பார்க்க, அவர் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதுரசிகன்

இந்த இழையைப் படித்த பிறகு அந்த இன்னிங்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கோலை மட்டும் பார்த்தேன். பந்து மட்டையில் பட்டதும் முதல் பேஸ் பக்கமாகச் சில அடி ஓடுகிறார். அப்புறம் வேகம் குறைகிறது. கை நீள்கிறது. லக்ஸையும் ஒட்டானியையும் அப்படி வீழ்த்திவிட்டு வந்தவர். எனக்கு அவர்மேல் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடித்துவிட்டார், ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது.

ரைட்ஃபீல்டு | 4 நவம்பர்

செய்தி: கோல் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைப் பயன்படுத்தியிருந்தார் அல்லவா, இப்போது பழைய ஒப்பந்தத்திலேயே தொடர ஒத்துக்கொண்டாராம். எங்கும் போகவில்லை.

பிராங்க்ஸ்வாசி

நல்ல செய்தி. அவர் இல்லாமல் இந்த அணிக்கு அக்டோபர் கிடையாது. பழியை நான் மாற்றிக்கொள்ளவில்லை, பெட்ஸின் பந்து கோலுடையதுதான். ஆனால் எடிசன் அக்கா கேட்டதைத்தான் இனி கேட்கப் போகிறேன்: பிப்ரவரியில் டாம்பா முகாமில் முதல் பேஸுக்கு ஓடும் பயிற்சியை யார் நடத்துகிறார்கள், ஓடாதவரிடம் என்ன சொல்கிறார்கள்? முகாமுக்கு யாராவது நேரில் போனால் அதைப் பார்த்து இங்கே எழுதுங்கள். ஹோம் ரன் படங்கள் வேண்டாம், அவை எல்லா இடத்திலும் வரும்.